மேசைக் கணினியின் நினைவக, தொடக்கப் பழுதுகள்

மேசைக் கணினியை இயக்கும்போது திரையில் எதுவும் தோன்றாமை, பீப் ஒலி மட்டும் எழுதல், இயங்குதளம் ஏறாமல் பாதியில் நிற்றல், ஏறிய பின்னர் அடிக்கடி உறைந்துபோதல் முதலியன பொதுவாகத் தொடக்கப் பழுதுகள் என அழைக்கப்படுகின்றன. இவற்றுட் பெரும்பகுதிக்கு நினைவகம், மின்வழங்கி, வன்தட்டு, தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் ஆகிய நான்கில் ஒன்று காரணமாக இருக்கும். இக்கட்டுரை, ஏறத்தாழ 1998 முதல் 2010 வரை தயாரிக்கப்பட்டு, பயாஸ் எனும் அடிப்படை மென்பொருளைக் கொண்டு தொடங்கும் மேசைக் கணினிகளைப் பற்றியது. தமிழ்நாட்டின் பள்ளிகள், தட்டச்சு நிலையங்கள், அச்சகங்கள், வீடுகள் பலவற்றில் இத்தகைய கணினிகள் இன்றும் மூலையில் இருக்கின்றன. பல வேளைகளில் கணினியைவிட அதனுள் இருக்கும் கோப்புகளே மதிப்பு மிக்கவையாதலால், பழுதைக் கண்டறியும் வரிசை முக்கியமானதாகின்றது. தவறான வரிசையில் தொடங்கினால், மீட்கக்கூடியதாய் இருந்த தரவும் அழிந்துபோகலாம்.

கணினி தொடங்கும் முறை

மின்பொத்தானை அழுத்தியதும் மின்வழங்கி தன் மின்னழுத்தங்களை நிலைப்படுத்திக்கொண்டு, தாய்ப்பலகைக்கு "மின்சாரம் சரி" என்னும் குறிப்பலையை அனுப்புகின்றது. அதன் பின்னரே மையச் செயற்பகுதி இயங்கத் தொடங்கி, தாய்ப்பலகையிலுள்ள சில்லில் பதிந்திருக்கும் பயாஸ் கட்டளைகளைப் படிக்கின்றது. பயாஸ் என்னும் பெயர் 1970களில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் இயங்குதளத்திலிருந்து வந்ததாகும். 1981 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் வெளியான ஐபிஎம் தனிமேசைக் கணினியின் வழியாக இப்பெயர் பரவலாயிற்று.

பயாஸ் முதலில் தற்சோதனை ஒன்றைச் செய்கின்றது. செயற்பகுதி, நினைவகத்தின் தொடக்கப் பகுதி, திரை அட்டை, விசைப்பலகை என்ற ஒழுங்கில் அது செல்லும். திரை அட்டையைச் சென்றடையும் முன்னரே பழுது தென்பட்டால் திரையில் எதையும் எழுத இயலாது. அதனாலேயே பீப் ஒலிகள் பயன்படுகின்றன. சோதனை முடிந்ததும், அமைப்பில் குறித்துள்ள வரிசைப்படி நெகிழ்வட்டு, குறுவட்டு, வன்தட்டு ஆகியவற்றுள் ஒன்றன் முதல் துண்டத்தை, அதாவது 512 பைட்டுகளை, நினைவகத்தில் ஏற்றிக் கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கின்றது. வன்தட்டில் இத்துண்டம் முதன்மைத் தொடக்கப் பதிவு எனப்படும். அதில் 446 பைட்டுகள் நிரலுக்கும் 64 பைட்டுகள் நான்கு பிரிவுகளைக் காட்டும் அட்டவணைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இறுதி இரண்டு பைட்டுகள் அடையாளக் குறியாகும். முழு வன்தட்டின் அமைப்பும் இந்த 64 பைட்டுகளை நம்பியிருக்கின்றது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வொழுங்கை அறிந்தவர், கணினி எந்தப் படியில் நின்றது என்பதைக் கொண்டே காரணத்தைப் பாதி ஊகித்துவிடலாம். விசிறியே சுழலவில்லை எனில் மின்வழங்கி. விசிறி சுழன்று திரை இருண்டிருந்தால் பெரும்பாலும் நினைவகம் அல்லது திரை அட்டை. பயாஸ் எழுத்துகள் தோன்றி அதன் பின் நின்றால் வன்தட்டு அல்லது அமைப்பு விவரங்கள். இயங்குதளம் ஏறி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் உறைந்தால் மீண்டும் நினைவகத்தையே முதலில் ஐயுற வேண்டும்.

பீப் ஒலிகள்

பீப் ஒலிகளின் பொருள் பயாஸ் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். அவார்டு பயாசில் ஒரு குறும் ஒலி எல்லாம் சரி என்பதையும், இடைவிடாது திரும்பத் திரும்ப எழும் நெடும் ஒலி நினைவகப் பழுதையும், ஒரு நெடும் ஒலியும் இரு குறும் ஒலிகளும் திரை அட்டைப் பழுதையும் குறிக்கும். ஏஎம்ஐ பயாசில் மூன்று ஒலிகள் நினைவகத்தின் முதல் 64 கிலோபைட்டில் பிழை என்பதையும், எட்டு ஒலிகள் திரை அட்டை நினைவகத்தில் பிழை என்பதையும் காட்டும். பீனிக்சு பயாசு ஒலிகளை இடைவெளி விட்டுத் தொகுதிகளாக எழுப்பும். அவற்றை எண்ணித் தாளில் எழுதிக்கொள்வதே நல்லது.

ஒலியே எழாவிட்டால் கணினிப் பெட்டியில் ஒலிப்பான் உள்ளதா என முதலில் பார்க்க வேண்டும். மலிவான பெட்டிகள் பலவற்றில் அது பொருத்தப்படுவதில்லை. பயனுள்ள எளிய சோதனை ஒன்று உண்டு: நினைவகத் தகடுகள் அனைத்தையும் கழற்றிவிட்டுக் கணினியை இயக்க வேண்டும். அப்போது நினைவகம் இல்லை என்னும் பீப் எழுந்தால் மின்வழங்கி, செயற்பகுதி, பயாஸ் ஆகியன ஓரளவு உயிருடன் உள்ளன என்று பொருள். அப்போதும் அமைதி எனில் பழுது வேறிடத்தில் உள்ளது.

நினைவகம்

தற்போக்கு அணுகல் நினைவகம், பேச்சு வழக்கில் ராம், நீண்ட தகடாகத் தாய்ப்பலகையின் பொருத்தியில் செங்குத்தாக நிற்கின்றது. பழைய கணினிகளில் காணப்படும் வகைகள் ஒன்றுக்கொன்று மாற்றாகா. எசுடிராம் தகட்டில் 168 முனைகளும் இரண்டு வெட்டுகளும் உண்டு, அது 3.3 வோல்டில் இயங்கும். டிடிஆர் 184 முனைகளும் ஒரே வெட்டும் கொண்டு 2.5 வோல்டிலும், டிடிஆர்2 வகை 240 முனைகளுடன் 1.8 வோல்டிலும், டிடிஆர்3 வகை அதே 240 முனைகளுடன் 1.5 வோல்டிலும் இயங்குகின்றன. இறுதி இரண்டிலும் முனைகளின் எண்ணிக்கை ஒன்றாயினும் வெட்டின் இடம் வேறு. தகடு இறங்க மறுத்தால் வலிந்து அழுத்துதல் கூடாது. வெட்டு இருப்பதே தவறான தகட்டைத் தடுப்பதற்காகத்தான். 2000 ஆம் ஆண்டின் இறுதியில் வந்த முதல் பென்டியம் 4 கணினிகள் ராம்பசு என்னும் வேறொரு வகையைப் பயன்படுத்தின. அவற்றில் தகடுகள் இணையாகவே இடப்பட வேண்டும். வெற்றுப் பொருத்திகளிலும் வெறும் இணைப்புத் தகடு நிற்க வேண்டும். அதை வீணான தகடு என்று எண்ணி எடுத்துவிட்டுக் கணினி இறந்துவிட்டது எனக் கருதுவோர் உண்டு.

நினைவகப் பழுது எனக் கொண்டுவரப்படும் கணினிகளில் பலவற்றில் சில்லுகள் நன்றாகவே இருக்கும்; முனைகளுக்கும் பொருத்திக்கும் இடையிலான தொடர்பே கெட்டிருக்கும். கணினி சூடாகி ஆறும்போது தகடு மிகச் சிறிதளவு விரிந்து சுருங்குகின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்நகர்வு தொடர்புப் பரப்பைத் தேய்த்து, ஆக்சைடு படலத்தை உண்டாக்குகின்றது. தங்கப் பூச்சுள்ள முனையும் வெள்ளீயப் பூச்சுள்ள பொருத்தியும் சேரும் இடத்தில் இது விரைவாக நிகழும். மின்னிணைப்பைக் கழற்றி, பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்னேற்றத்தை வெளியேற்றி, பெட்டியின் பூச்சற்ற உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிய பின்னர், தகட்டைக் கழற்றி மீண்டும் பொருத்துவதே முதல் வேலையாகும். சிலவேளை இதுவே கடைசி வேலையாகவும் அமைந்துவிடும்.

முனைகளைப் பென்சில் அழிப்பானால் தேய்ப்பது நம்மூர்ப் பழுதுபார்ப்போரிடம் பரவலாக உள்ள முறை. அது பயன் தருகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. தேய்க்குந்தோறும் அது குறைகின்றது. அழிப்பானின் துகள் பொருத்திக்குள் விழுந்தால் புதிய பழுதும் பிறக்கும். மெல்லிய துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தொட்டுத் துடைப்பது மேலானது. அது கிடைக்காத இடத்தில் மென்மையான வெள்ளை அழிப்பானால் ஒருமுறை மட்டும், தகட்டைப் பெட்டிக்கு வெளியே வைத்துத் தேய்த்து, துகளைத் தூரிகையால் முழுதும் அகற்றலாம். பொருத்தியினுள் வாயால் ஊதுதல் தவறு. உமிழ்நீரின் ஈரம் தங்கிவிடும்.

இரண்டு அல்லது மூன்று தகடுகள் இருப்பின் ஒவ்வொன்றாக, ஒரே பொருத்தியில் இட்டுச் சோதிக்க வேண்டும். பின்னர் நல்ல தகடு எனத் தெரிந்ததை ஒவ்வொரு பொருத்தியிலும் இட்டுப் பார்க்க வேண்டும். அப்போது பழுது தகட்டிலா பொருத்தியிலா என்பது தெளிவாகும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதுவும் தெளிவாகாது.

புதிதாக வாங்கிய தகடு பாதியளவே காட்டுவதும் உண்டு. இன்டெல் 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதி 128 மெகாபிட்டுக்கு மேற்பட்ட நினைவகச் சில்லுகளை முழுமையாக அறியாது. ஆகவே எட்டுச் சில்லுகள் கொண்ட 256 மெகாபைட்டுத் தகடு அதில் 128 மெகாபைட்டாகவே தெரியும். பதினாறு சில்லுகள் கொண்ட 256 மெகாபைட்டுத் தகடு முழுமையாகத் தெரியும். இது பழுதன்று. அதுபோலவே 32 பிட்டு இயங்குதளத்தில் 4 ஜிகாபைட்டு இட்டு, 3 சொச்சம் மட்டும் தெரிவதும் முகவரி வரம்பின் விளைவேயாகும்.

தகடு பொருந்தி, கணினியும் தொடங்கி, அதன் பின் பிழை விடும் நிலையே மிகுந்த தீங்கானது. பயாசின் தற்சோதனை நினைவகத்தை மேலோட்டமாகவே பார்க்கின்றது. அதில் தேறியதனால் நினைவகம் நன்று என முடிவு செய்ய இயலாது. இதற்கென மெம்டெசுட்86 என்னும் மென்பொருளைக் கிறிசு பிராடி 1994 இல் எழுதினார். அதிலிருந்து கிளைத்த கட்டற்ற மென்பொருளான மெம்டெசுட்86+ 2004 இல் வெளிவந்தது. இது இயங்குதளம் எதுவும் இன்றிக் குறுவட்டிலிருந்தே இயங்கி, ஒவ்வொரு நினைவக முகவரியிலும் பல்வேறு வடிவங்களை எழுதித் திரும்பப் படித்து ஒப்பிடுகின்றது. ஒரு சுற்றுடன் நிறுத்தாமல் இரவு முழுதும் ஓடவிடுவதே தகும். சூடேறிய பின்னரே பிழை காட்டும் சில்லுகள் உள்ளன. ஒரே ஒரு பிழை தென்பட்டாலும் அத்தகட்டை நம்புதற்கில்லை.

நினைவகப் பிழை அரிதான ஒன்று என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1979 இல் இன்டெல் ஆய்வாளர்களான மே, ஊட்சு ஆகியோர், சில்லின் உறைப்பொருளிலிருந்து வெளிப்படும் ஆல்பா துகள்கள் நினைவகத்தின் பிட்டுகளைப் புரட்டக்கூடும் என்று காட்டினர். 2009 இல் கூகுள் வழங்கிகளைக் கொண்டு வெளியான ஆய்வொன்று, ஆண்டொன்றில் தகடுகளில் 8 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை பிழை காட்டியதைத் தெரிவித்தது. வழங்கிகளில் பிழைதிருத்தும் நினைவகம் இருப்பதால் அவை தப்புகின்றன. வீட்டு மேசைக் கணினியில் அது இல்லை. அங்கு புரண்ட பிட்டு அப்படியே வன்தட்டில் எழுதப்படுகின்றது.

இதனால் ஒரு விதி பிறக்கின்றது: நினைவகத்தைச் சோதித்துத் தேறும் முன்னர் வன்தட்டைத் திருத்தும் மென்பொருள் எதையும் இயக்கலாகாது. விண்டோசின் செக்டிசுக்கு போன்ற கருவி கோப்பு அட்டவணையை நினைவகத்தில் ஏற்றி, திருத்தி, மீண்டும் எழுதுகின்றது. நினைவகம் பொய் சொன்னால், சரியாக இருந்த அட்டவணையே திருத்தம் என்னும் பெயரில் சிதைக்கப்படும். விண்டோசை மீண்டும் நிறுவும்போது நடுவில் கோப்பைப் படியெடுக்க இயலவில்லை என்ற செய்தி வந்தால், பலரும் குறுவட்டையே குறை கூறுவர். இரண்டாம் குறுவட்டிலும் வேறு கோப்பில் அதே செய்தி வருமாயின் குற்றவாளி நினைவகமாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு.

மின்வழங்கியும் மின்தேக்கிகளும்

மின்வழங்கி 230 வோல்டு மாறுதிசை மின்னை 12, 5, 3.3 வோல்டு நேர்மின்னாக மாற்றுகின்றது. மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் நிறக் கம்பிகள் முறையே இவற்றைக் கொண்டு செல்லும். பல்மானியால் அளக்கும்போது 5 விழுக்காட்டிற்கு மேல் வேறுபாடு இருத்தல் கூடாது. பழைய மின்வழங்கிகளின் பின்புறம் 115, 230 எனக் குறித்த சிறு நழுவு விசை ஒன்றுண்டு. இந்தியாவில் அது 230 இல் இருந்தாக வேண்டும். 115 இல் வைத்துச் செருகினால் வெடிப்பொலியுடன் கருகும். மின்வழங்கியின் பெட்டியைத் திறத்தல் ஆகாது. மின்னைத் துண்டித்த பின்னரும் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகள் உயிருக்கு ஊறு செய்யும் அளவு மின்னேற்றத்தைத் தாங்கியிருக்கலாம்.

தாய்ப்பலகையிலும் மின்தேக்கிகள் உள்ளன. 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் உலகெங்கும் குறைபாடுள்ள மின்பகுபொருள் கொண்ட மின்தேக்கிகள் பெருமளவில் பயன்பட்டன. அவற்றின் மேற்புறம் தட்டையாக இராமல் புடைத்திருக்கும், அல்லது பழுப்பு நிறக் கசிவு காணப்படும். நினைவகத்தை மாற்றியும் பயனில்லாத கணினியில், செயற்பகுதியைச் சுற்றியுள்ள இவ்வுருளைகளை ஒரு விளக்கொளியில் பார்த்தாலே விடை கிடைத்துவிடக்கூடும். அதே மின்தேக்கு திறனும் அதே அளவோ மிகுதியோ ஆன மின்னழுத்தமும் உடையதாகப் பற்றவைப்பவர் மாற்றித் தருவார்.

சிறு மின்கலம்

தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்டு மின்கலம் ஒன்று, பெரும்பாலும் சிஆர் 2032 வகை, நேரத்தையும் அமைப்பு விவரங்களையும் காக்கின்றது. இது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்குச் செல்லும். சீமாசு செக்சம் பிழை என்னும் செய்தி வரும். விலை குறைந்த இப்பொருள் பெரிய பழுதைப் போல வேடமிடுவதுண்டு. அமைப்பு விவரங்கள் இயல்புநிலைக்குத் திரும்பும்போது தொடக்க வரிசையும் வன்தட்டை அணுகும் முறையும் மாறிவிடலாம். விண்டோசு எக்சுபி நிறுவியபோது இருந்த சாட்டா முறை மாறினால், 7பி என முடியும் பிழை எண்ணுடன் நீலத்திரை தோன்றும். வன்தட்டு கெட்டதெனக் கருதி அதை அழித்து மீள நிறுவியவர்கள், மின்கலத்தை மாற்றி ஓர் அமைப்பைத் திருத்தியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். தேதி தவறினால் பாதுகாப்பான இணையப் பக்கங்களும் திறவா.

வன்தட்டும் தொடக்கப் பதிவும்

"நான்-சிசுடம் டிசுக்கு" என்ற செய்தி வந்தால் முதலில் நெகிழ்வட்டு இயக்கியில் வட்டு ஏதேனும் மறந்து விடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். "என்டிஎல்டிஆர் ஈசு மிசிங்" என்பது தொடக்கத் துண்டம் படிக்கப்பட்டும் எக்சுபியின் ஏற்றுநிரல் கிடைக்கவில்லை என்பதைக் காட்டும். பயாசில் வன்தட்டின் பெயரே தோன்றாவிட்டால் கம்பியையும், ஐடிஇ வகையாயின் முதன்மை, துணை எனத் தீர்மானிக்கும் குறுக்கிணைப்பியையும் சரிபார்த்தல் வேண்டும். ஒரே கம்பியில் இரண்டும் முதன்மை என வைக்கப்பட்டால் இரண்டும் தெரியாமற் போகலாம்.

வன்தட்டிலிருந்து சீரான இடைவெளியில் தட்டும் ஒலி கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் எஞ்சியிருப்பது குறையும். எக்சுபி மீட்பு முனையத்தின் ஃபிக்சுஎம்பிஆர் கட்டளை தொடக்க நிரலை மாற்றி எழுதுகின்றது. நச்சுநிரலாலோ வேறு மென்பொருளாலோ தொடக்கப் பதிவு மாற்றப்பட்டிருந்தால், இக்கட்டளையால் பிரிவுகளே காணாமற் போகும் வாய்ப்பு உண்டு. முதல் துண்டத்தைப் படியெடுத்து வைத்த பின்னரே இதைப் பயன்படுத்துதல் நன்று.

ஈரமும் மின்வெட்டும்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள ஒகேனக்கல், சூழலால் வரும் பழுதுகளுக்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். கன்னடத்தில் ஹொகே என்பது புகை, கல் என்பது பாறை. அருவி விழும் இடத்தில் எழும் நீர்த்திவலை புகை போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. அத்தகைய ஈரக்காற்று உள்ள ஊர்களில் கணினியின் மேல் படியும் தூசி ஈரத்தை உறிஞ்சி, முனைகளுக்கிடையே மெல்லிய மின்கசிவுப் பாதையாகின்றது. நாள்தோறும் இயங்கும் கணினி தன் வெப்பத்தாலேயே உலர்ந்திருக்கும். மூடிக்கிடக்கும் கணினிக்கே ஆபத்து மிகுதி. கோடை விடுமுறை முழுதும் பூட்டியிருந்த பள்ளிக் கணினி அறை, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சூன் மாதத்தில் திறக்கப்படுவதைக் கருதினால் இது விளங்கும். அத்தகைய கணினியை உடனே இயக்காமல், பெட்டியைத் திறந்து தூசி நீக்கி, சில மணி நேரம் உலர்ந்த இடத்தில் வைத்த பின் இயக்குதல் நலம். மின்வழங்கியின் காற்றுத் துளைகளில் எறும்பும் பல்லியும் புகுவதும் நம் நாட்டில் புதிதன்று. ஆங்கிலக் கையேடுகளில் இது இராது.

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள், குறிப்பாக 2012 இல், சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டு நிலவியது. வன்தட்டு எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் கோப்பு அட்டவணை பாதியில் நிற்கும். விண்டோசு 98 பயன்படுத்திய ஃபேட்32 கோப்பு முறைமை இதனால் எளிதில் குலையும். மாற்றங்களை முதலில் குறிப்பேட்டில் எழுதும் என்டிஎஃப்எசு, லினக்சின் ஈஎக்சுடி3 ஆகியன ஓரளவு தாங்குகின்றன. மின்சாரம் திரும்ப வரும்போது எழும் மின்னழுத்த ஏற்றமே மின்வழங்கிக்கு மிகுந்த கேடு செய்வது. மின்வெட்டின்போது செருகியைக் கழற்றிவிடுவது செலவற்ற பாதுகாப்பாகும்.

கோப்புகளை மீட்டல்

இயங்குதளம் ஏறவில்லை என்பதால் கோப்புகள் போய்விட்டன என்று பொருளாகாது. குறுவட்டிலிருந்தே இயங்கும் லினக்சு வழங்கல்கள் இதற்கு உதவுகின்றன. கிளாசு நாப்பர் உருவாக்கிய நாப்பிக்சு 2000 ஆம் ஆண்டிலும், பாரி கவுலர் உருவாக்கிய பப்பி லினக்சு 2003 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. குறைந்த நினைவகத்தில் பப்பியின் பழைய பதிப்புகள் நன்கு இயங்கும். பழைய பயாசுகள் பல யூஎசுபி நினைவிக் குச்சியிலிருந்து தொடங்கா என்பதால் குறுவட்டே வழி. வன்தட்டைக் கழற்றி, யூஎசுபி மாற்றியின் துணையுடன் வேறு கணினியில் இணைப்பதும் உண்டு. துண்டங்கள் கெட்ட வன்தட்டை, குனு டிடிரெசுக்யூ கொண்டு முழுதாக மற்றொரு தட்டில் படியெடுத்து, அப்படியின் மீதே மீட்பு வேலைகளைச் செய்ய வேண்டும்.

தமிழ்க் கோப்புகளில் தனியொரு சிக்கல் உள்ளது. ஒருங்குறி பரவும் முன்னர் தமிழ் ஆவணங்கள் திசுக்கி, டாம், டாப் ஆகிய குறியேற்றங்களிலும், அச்சகங்களின் சொந்த எழுத்துருக் குறியேற்றங்களிலும் தட்டச்சிடப்பட்டன. டாம், டாப் ஆகியவை 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டவை. 2010 இல் அரசு ஒருங்குறியையும் டேசு16 ஐயும் தரமாக அறிவித்தது. பழைய ஆவணத்தை மட்டும் படியெடுத்துவிட்டு எழுத்துருவை விட்டுவிட்டால், புதிய கணினியில் பொருளற்ற உரோமன் குறிகளே தோன்றும். எனவே ஆவணங்களுடன் விண்டோசு கோப்புறையிலுள்ள ஃபான்ட்சு உறையையும், விசைப்பலகை மென்பொருளையும் சேர்த்துப் படியெடுத்தல் இன்றியமையாதது. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றி மென்பொருளால் ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். பெயரும் எழுத்துருவும் தொலைந்த சிறுபத்திரிகைக் கோப்பையோ ஊர் வரலாற்றுக் கையெழுத்துப்படியையோ மறுபடி தட்டச்சிடுவதைத் தவிர வேறு எளிய வழியில்லை.

மாற்றுப் பாகங்கள்

டிடிஆர், எசுடிராம் தகடுகள் புதிதாகத் தயாரிக்கப்படுவது ஏறத்தாழ நின்றுவிட்டது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருக் கடைகளில் பயன்படுத்திய தகடுகளைத் தேடலாம். வாங்குமுன் சில்லுத்தொகுதி ஏற்கும் உச்ச அளவையும், தகட்டின் வகையையும் தாளில் குறித்துச் செல்லுதல் வேண்டும். வாங்கிய அன்றே மெம்டெசுட்டால் சோதிப்பது நன்று. விண்டோசு எக்சுபிக்கான ஆதரவு 2014 ஏப்பிரல் 8 உடன் முடிந்துவிட்டது. ஆகவே மீட்டெடுத்த எக்சுபி கணினியை இணையத்தில் இணைக்காமல் பழைய மென்பொருள்களுக்கும் பழைய அச்சுப்பொறிக்கும் மட்டும் வைத்துக்கொள்வதே உகந்தது. மீட்க இயலாதவற்றைக் குப்பையில் இடுதல் கூடாது. பற்றாசில் ஈயம் உள்ளது. மின்னணுக் கழிவு விதிகள் இந்தியாவில் 2011 இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டு 2012 இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு மாற்றாக வந்த 2022 ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்பிரல் முதல் நடைமுறையில் உள்ளன. கழிவாகக் கொடுக்கும் முன் வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.